இரண்டு ஆள் சுவர்

மாலை ஏழு இருபதுக்குத்தான் அந்தக் கோடு தெரியும் என்று மிஸஸ் ஃபீனி தொலைபேசியில் சொன்னார்.

"காலைல வந்து சுவரைத் தடவிப் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு போயிடாதே. மத்தியானமும் வராதே. ஏழு இருபதுக்கு வா."

"மழையா இருந்தா?"

"மழையா இருந்தா கோடும் இல்ல, நீயும் வேண்டாம்."

எந்தக் கோடு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ஒன்றும் தெரியாதவன் முதலில் அதைத்தான் கேட்டிருப்பான்.

நானும் அண்ணன் ஜார்லத்தும் இருபத்தாறு வருஷம் சேர்ந்து சுவர் பூசினோம். எங்களுக்குள் பதினோரு மாத வித்தியாசம். வேனின் பக்கவாட்டில் 'டர்கன் சகோதரர்கள்' என்று இன்னும் எழுதியிருக்கிறது. வெளிச்சுவருக்கு மேல்பூச்சு போடும்போது நான் முன்னால் பூசிக்கொண்டே போவேன். அவன் பின்னாலேயே தேய்ப்புக் கட்டையால் வட்டம் வட்டமாகத் தேய்த்துச் சமன் செய்துகொண்டு வருவான். பூசிய விளிம்பு காய்வதற்குள் அடுத்த கை வந்து சேர வேண்டும். காய்ந்த விளிம்பின் மேல் புதுக்கலவை ஏறினால் அங்கே கோடு விழும். பிறகு என்ன தேய்த்தாலும் போகாது. சின்னச் சுவரை ஒருவன் சமாளித்துவிடலாம். வீட்டின் பக்கச்சுவர் அப்படியில்லை. ஜன்னல் ஒன்றுகூட இல்லாமல் கூரையின் கூம்பு வரை ஏறும் சுவர் அது. கையை நிறுத்த இடமே கிடையாது. அது இரண்டு ஆள் சுவர்.

போன நவம்பரில் ஜார்லத் ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த்துக்குப் போனான். மகள் அங்கே நர்ஸ். அவளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம் என்று மனைவியோடு கிளம்பினான். ஜனவரியில் தொலைபேசியில் பேசும்போது, என் வீட்டுச் சாவி உன்னிடமே இருக்கட்டும் என்றான். திரும்பி வரும் தேதியைச் சொல்லவில்லை.

அதன்பின் தூரத்து வேலையாகப் பார்த்து எடுத்தேன். எங்கள் ஊர் கிளேர்மோரிஸில் எல்லாருக்கும் எங்களைத் தெரியும். சிமெண்ட் கடையில், பெட்ரோல் பங்க்கில், கோயில் வாசலில், "தனியாவா கோல்மன்?" என்று கேட்பார்கள். மிஸஸ் ஃபீனியின் ஊரான ஈஸ்கி நாற்பத்தைந்து மைல். கடலோரம். அங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.

மார்ச்சில் சுவரை அளக்கப் போனபோது மிஸஸ் ஃபீனி கேட்டார்.

"ரெண்டு பேர்தானே வருவீங்க?"

"வேன்ல அப்படித்தானே எழுதியிருக்கு."

"என் வீட்டுக்காரர் மார்ட்டின் காவென்ட்ரில பூச்சுக்காரங்களுக்கு முப்பது வருஷம் கலவை கலந்து குடுத்தவர். பக்கச்சுவர் பூச ஒத்தை ஆள் வந்தா, ஏணியை எடுத்து உள்ள வெச்சுப் பூட்டிடுன்னு சொல்லுவார்."

"சரியாத்தான் சொல்லியிருக்கார்."

"தப்பா ஒண்ணும் சொல்ல மாட்டார். அதான் அவரோட குறையே."

மிஸஸ் ஃபீனிக்கு எழுபத்தைந்து வயதிருக்கும். இடுப்பில் அறுவை சிகிச்சை செய்திருந்தார்கள். சரளைக் கல்லில் நடக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பக்கச்சுவர் ஓரம் முழுக்கச் சரளை. அவர் அந்தப் பக்கம் வர மாட்டார் என்பதை அன்றே கவனித்துக்கொண்டேன்.

ஏப்ரல் கடைசியில் வேலை தொடங்கியது. முதல் நாள் அவர் எழுவதற்கு முன்பே போய்ச் சாரம் கட்டினேன். பத்து மணிக்குப் பின்வாசல் கதவைத் திறந்து குரல் கொடுத்தார்.

"உங்க அண்ணனுக்கு டீ எப்படி?"

சாரத்தின் மேல் நின்றிருந்தேன். அண்ணன் வரவில்லை என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. அது போய்விட்டது.

"பால் வேண்டாம். ரெண்டு சர்க்கரை."

ஜார்லத் அப்படித்தான் குடிப்பான். பின்வாசல் படியில் இரண்டு கோப்பைகள் வந்தன. என்னுடையதைக் குடித்தேன். பிறகு அவனுடையதையும் குடித்தேன். பாலில்லாத தேநீர் எனக்குப் பிடிக்காது. கோப்பை நிறைய இருந்தால் தெரிந்துவிடும். புல்லில் கொட்ட மனம் வரவில்லை. மூன்று நாளும் அப்படித்தான் நடந்தது.

மூன்றாம் நாள் மேல்பூச்சு. அன்று கிழக்குக் காற்று. அந்தக் கரையில் கிழக்குக் காற்று வருஷத்தில் பத்து நாள்தான் அடிக்கும், அடித்தால் எல்லாம் சீக்கிரம் காயும். கூம்பிலிருந்து பூசிக்கொண்டு இறங்கினேன். பூசுவேன், கரணையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டையை எடுத்துத் தேய்ப்பேன், மறுபடி கரணை. பாதிச் சுவரில் சாரத்தின் மேல்பலகையை விட்டு இறங்கிக் கீழ்ப்பலகைக்கு வந்தபோது விளிம்பைத் தொட்டுப் பார்த்தேன். விரலில் ஒட்டவில்லை.

தண்ணீர் தெளித்தேன். தேய்த்தேன். மத்தியான வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் சாரத்தைப் பிரித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்துத் தொலைபேசி வந்தது.

ஏழு மணிக்கே போய்ச் சேர்ந்தேன். மிஸஸ் ஃபீனி கேட்டுக்குப் பக்கத்தில், புல்தரையில் சமையலறை நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் குச்சி. எதிர்வீட்டு மேட்டி கில்கேலன் நாற்காலியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறான். மேட்டியின் காரில் பிங்கோவுக்குப் போகும்போதுதான் சாலையிலிருந்து கோட்டைப் பார்த்திருக்கிறார்.

"அஞ்சு நிமிஷம் இருக்கு. நில்லு."

நின்றேன். சுவர் நன்றாக இருந்தது. ஒரே நிறம், ஓட்ஸ் கஞ்சி நிறம்.

"இந்த மாசம் மூணாம் வியாழக்கிழமை பூசை என் வீட்டுல" என்றார். "மணி ஏழரை. எல்லாரும் ஏழு இருபதுக்கு வந்து இந்தக் கேட்டுலதான் நிப்பாங்க."

எனக்கு அது தெரியும். அதற்காகத்தான் சுவரையே பூசச் சொன்னார். அந்த ஊரில் பதினான்கு வீடு. வருஷத்துக்கு ஒரு வீட்டில், முறை வைத்து, பாதிரியார் வந்து பூசை நடத்துவார். முறை வரும் வருஷம் வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள், தரை மாற்றுவார்கள், சுவர் பூசுவார்கள். பாதிரியார் வருவதற்காக என்று சொல்வார்கள். உண்மையில் அண்டை வீட்டார் வருவதற்காக. எங்கள் தொழிலில் பாதி இந்தப் பூசைகளால்தான் ஓடுகிறது.

"போன தடவை முறை வந்தப்போ மார்ட்டின் இருந்தார். கதவுகிட்ட நின்னு ஒவ்வொருத்தர் மேல்கோட்டையும் வாங்கி மாட்டினார். இந்தத் தடவை நான் மட்டும்தான்." குச்சியைத் தூக்கிக் காட்டினார். "இப்பப் பாரு."

வெளிச்சம் சாய்ந்து சுவரை உரசிக்கொண்டு வந்தது. பாதி உயரத்தில், மேல்பலகை இருந்த மட்டத்தில், கோடு இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை எழுந்தது. மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி. கட்டை போட்ட வட்டங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. எங்கே அவசரப்பட்டேன், எங்கே கை ஓய்ந்தது, எங்கே தண்ணீர் அடித்து ஏமாற்றப் பார்த்தேன் என்று எல்லாம் சுவரில் இருந்தது.

"நம்ம ஃபாதர் டூஹி தொப்பைக்கு பெல்ட் கட்டின மாதிரி இருக்கு" என்றார். "அவரும் பக்கத்துல வந்து நின்னா ஜோடிப் பொருத்தம் பாக்கலாம்."

நான் சிரிக்கவில்லை.

"இதுல எது நீ, எது உங்க அண்ணன்?"

சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "மேல நான். கீழ ஜார்லத்."

"அப்ப கீழ இருந்தவன்தான் லேட்டு."

"ஆமா."

"எப்பவுமே இப்படியா அவன்?"

"கொஞ்சம் மெதுவாத்தான் செய்வான்."

இருபத்தாறு வருஷத்தில் ஜார்லத் ஒரு விளிம்பையும் காய விட்டதில்லை. நான்தான் சிகரெட்டுக்கு நிற்பேன். அவன் திட்டுவான்.

"சரி. சரி பண்ண வரும்போது அவனைக் கூட்டிட்டு வா. முகத்தைப் பாத்து ரெண்டு வார்த்தை கேக்கணும்."

"பூசைக்கு முன்னாடி முடிச்சிடறோம்" என்றேன்.

ஏழரைக்குச் சூரியன் சுவரைத் தாண்டிப் போனது. சுவர் நிழலில் மூழ்கியது. கோடு போய்விட்டது. நாற்காலியை நான்தான் உள்ளே கொண்டுபோய் வைத்தேன். மேசையில் ஒரு தட்டு, ஒரு முட்கரண்டி, அரை ரொட்டி இருந்தன. வானொலி யாருக்கோ வானிலை சொல்லிக்கொண்டிருந்தது.

ஞாயிறு மத்தியானம் ஜார்லத் அழைப்பான். அங்கே இரவு ஏழு மணி இருக்கும். அம்மாவின் சமையலறையில் உட்கார்ந்து பேசுவேன். அந்த வீட்டில் இப்போது நான் மட்டும்தான்.

"இங்க கலவை வாளியிலயே காஞ்சிடுதுடா. ஒரு சுவருக்கு ஆறு பேர் நிக்கிறோம். ஒருத்தன் பிரேசில், ரெண்டு பேர் நேபாளம். யாரும் யாரோடயும் பேசறதில்ல. பேசினாலும் புரியப் போறதில்ல."

"உனக்கு அது நல்லதுதானே. நான் ரொம்பப் பேசறேன்னு திட்டுவியே."

"திட்டுவேன்தான்." பேச்சை மாற்றினான். "உன்கூட வேலைக்கு வரான்னு சொன்னியே, கில்டிமாக் ஊர்ப் பையன். எப்படி?"

"நல்லாத் தேய்க்கிறான்."

"பேரு என்ன சொன்னே?"

"டெக்லன்."

"போன மாசம் டெர்மட்னு சொன்னே."

"டெக்லன்தான்."

"சரி" என்றான். பிறகு பேத்திக்குப் பல் முளைத்ததைச் சொன்னான்.

அந்த வாரம் மூன்று பேருக்குத் தொலைபேசி செய்தேன். ஒருவன் செப்டம்பரில் வருகிறேன் என்றான். இன்னொருவன் டப்ளினில் அடுக்குமாடிக் கட்டடத்தில் இருந்தான், வருஷக் கடைசி வரை நகர முடியாது. மூன்றாமவன், "ஒருநாள் வேலைதானே, ஜார்லத் எங்கே?" என்று கேட்டான். அழைப்பைத் துண்டித்தேன்.

அடுத்த திங்கள், செவ்வாய், புதன் மழையில்லை என்று வானிலையில் சொன்னார்கள். வியாழன் பூசை. திங்கள் காலை ஏழு மணிக்கு வேனிலிருந்து சாரத்தை இறக்கிக் கட்டினேன். முன்பு மூன்று மணி நேரம் ஆனதை இரண்டில் முடிக்க வேண்டும், ஓடி ஓடிச் செய்தால் முடியும் என்று கணக்குப் போட்டிருந்தேன். கலவையை நீர்க்கக் கரைக்கலாம். நிழல் இருக்கும்போதே தொடங்கலாம். அண்ணன் வேனில் படுத்திருக்கிறான், காய்ச்சல் என்று சொல்லலாம்.

அடிப்பூச்சு அடித்துக்கொண்டிருந்தேன். ஒன்பது மணி இருக்கும். சரளையில் குச்சி ஊன்றும் சத்தம் கேட்டது. நின்று நின்று வந்தது. திரும்பிப் பார்த்தபோது மிஸஸ் ஃபீனி வீட்டு மூலையைத் தாண்டிவிட்டார். ஒரு கையால் சுவரைப் பிடித்திருந்தார்.

"உடம்பு சரியில்லையா உனக்கு?"

"நல்லாத்தான் இருக்கேன். நீங்க இங்க வரக்கூடாது."

"பேச்சையே காணோம். காலைலேருந்து காதை வெச்சுட்டு உக்காந்திருக்கேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாரத்தில் ஏறினால் எனக்குப் பேச்சு தானாக வரும். விளிம்பைப் பாரு. மேல வரேன். கொஞ்சம் இறங்கு. கிறுக்கனே, அங்க விட்டுட்டே பாரு. வாய்க்குப் பழகிப் போயிருந்தது. ஏப்ரலில் அந்த மூன்று நாளும் பேசியிருக்கிறேன். இன்றுதான் வாய் திறக்கவில்லை.

"சுவருக்கு அந்தப் பக்கம் என் சமையலறை" என்றார். "எல்லாம் கேக்கும்."

இறங்கி வந்தேன். கலவை வாளியைக் கவிழ்த்துப் போட்டேன். அவர் அதில் உட்கார்ந்தார்.

"ஜார்லத் இல்ல" என்றேன். "ஆஸ்திரேலியாவுல இருக்கான். நவம்பர்லேருந்து."

"ம்."

"தெரியுமா?"

"நாடு தெரியாது. ஆள் இல்லன்னு தெரியும்." குச்சியை மடியில் வைத்துக்கொண்டார். "மூணு நாள் பேசினே. அவன் ஒரு தடவை கூடப் பதில் சொல்லல. முதல் நாள் ஊமையோன்னு நெனச்சேன். ரெண்டாவது நாள் ஊமையையா இப்படித் திட்டுவான்னு நெனச்சேன். அன்னிக்கே விளங்கிடுச்சு."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"என்னன்னு கேக்கறது? நானும்தான் தினம் மார்ட்டின்கிட்ட உப்பு எங்கேன்னு கேக்கறேன்."

கடல் பக்கமிருந்து ஒரு டிராக்டர் போனது. ஓட்டியவன் கையைத் தூக்கினான். அவரும் தூக்கினார்.

"அன்னிக்குக் கோட்டைக் காட்டினப்போ ஏன் அவனைக் கூட்டிட்டு வரச் சொன்னீங்க?"

"பொய்யில நீ எவ்வளவு தூரம் போவேன்னு பாத்தேன். நீ ரொம்ப தூரம் போனே." என் முகத்தைப் பார்த்தார். "ஒத்தையா வந்தது பரவாயில்ல. உன் தப்பைத் தூக்கி இங்க இல்லாதவன் தலையில வெச்சே பாரு. அதுக்கு மார்ட்டின் உன்னைச் சாரத்துலேருந்து இறக்கியிருப்பார்."

"இறக்கியிருக்கணும்."

"ஒத்தை ஆளா இந்தச் சுவரை இன்னொரு தடவை பூசினா கோடு விழாதா?"

"விழும்" என்றேன். அதுவரை எனக்கே நான் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. "இதே இடத்துல விழும். இல்லன்னா ஒரு அடி தள்ளி விழும்."

"அப்ப வியாழக்கிழமை என்ன பண்றது? ஃபாதரை எட்டு மணிக்கு வரச் சொல்லவா?"

சுவரை அண்ணாந்து பார்த்தேன். பாதி உயரம் வரை என்னால் முடியும். கூம்பிலிருந்து பாதி வரை ஒரு நாள். பாதியிலிருந்து தரை வரை இன்னொரு நாள். நடுவில் நிற்க ஓர் இடம் வேண்டும்.

"கோடு விழற இடத்துல ஒரு பட்டை வைக்கலாம்" என்றேன். "ஆறங்குலம். சுவரை விட்டுக் கொஞ்சம் துருத்திட்டு இருக்கும். இந்த மூலையிலேருந்து அந்த மூலை வரைக்கும். அப்புறம் இது ஒரு சுவர் இல்ல, ரெண்டு சுவர். மேல் சுவர் நாளைக்கு. கீழ் சுவர் புதன்கிழமை. விளிம்பு பட்டையில முடிஞ்சிடும்."

"பாக்க நல்லா இருக்குமா?"

"நல்லாத்தான் இருக்கும். சில பேர் அழகுக்குன்னே வைப்பாங்க."

"நீங்க வைப்பீங்களா? நீயும் அண்ணனும்?"

"வெச்சதில்ல. தேவைப்பட்டதில்ல."

அவர் புரிந்துகொண்டார். "தொழில் தெரிஞ்சவன் பாத்தா?"

"ஒத்தை ஆள் வேலைன்னு கேட்டுலேருந்தே சொல்லிடுவான்."

"அது உனக்குப் பரவாயில்லையா?"

கட்டர் மெஷினை எடுக்க வேனுக்குப் போனேன். திரும்பி வந்தபோது அவர் எழுந்து நின்றிருந்தார். முழங்கையைப் பிடித்துச் சரளையைத் தாண்டிப் பின்வாசல் வரை கொண்டுபோய் விட்டேன். மெதுவாக நடந்தோம். அவர் எடை என் கையில் ஒன்றுமே இல்லை.

பத்து மணிக்குப் படியில் ஒரு கோப்பை இருந்தது. பால் ஊற்றிய தேநீர். குடித்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். கறுப்புத் தேநீர் பழகிவிட்டிருந்தது.

கோடு இருந்த இடத்தை மட்டக்கோல் வைத்துக் குறித்து, வெட்டி எடுத்து, பட்டையைப் பதித்தேன். மாலை வரை ஆனது. நீள மட்டப்பலகையின் ஒரு முனையை நான் பிடித்தால் மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை. ஆணி அடித்துக் கயிற்றில் தொங்கவிட்டேன். செவ்வாய் மேல் பாதி. புதன் கீழ் பாதி. அவசரமில்லை. விளிம்பு ஈரமாகவே பட்டையில் போய் முடிந்தது. பேச்சு வரவில்லை. புதன் மத்தியானம் உள்ளிருந்து சுவரில் இரண்டு தட்டு கேட்டது. கட்டையின் பின்பக்கத்தால் நானும் இரண்டு தட்டினேன். அவ்வளவுதான்.

வியாழன் சாயங்காலம் பூசைக்கு நிற்கச் சொன்னார். வேலை செய்தவர்கள் நிற்பது வழக்கம்தான். வேனில் இருந்த சுத்தமான சட்டையைப் போட்டுக்கொண்டு கேட்டருகே நின்றேன். ஏழேகாலுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஏழு இருபதுக்கு வெளிச்சம் சுவரில் சாய்ந்தது. வட்டங்கள் சமமாக இருந்தன. கோடு இல்லை. பட்டையின் நிழல் மட்டும் கத்தியால் கீறியதுபோல நேராகக் கிடந்தது.

மேட்டி கில்கேலன் பக்கத்தில் வந்து நின்றான். அறுபது வயது, நாற்பது வருஷம் ஸ்லைகோவில் பூச்சு வேலை செய்தவன் என்று பிறகு தெரிந்தது. சுவரைப் பார்த்தான். பிறகு வேனைப் பார்த்தான். வேனில் இருந்த பெயரைப் படித்தான்.

"பட்டை நேரா இருக்கு" என்றான்.

"ஆமா."

"நல்ல வேலை." என் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனான்.

ஃபாதர் டூஹி காரிலிருந்து மூச்சு வாங்கிக்கொண்டு இறங்கினார். பெல்ட்டைச் சரிசெய்துகொண்டே சுவரை அண்ணாந்து பார்த்தார். மிஸஸ் ஃபீனி குச்சியை ஊன்றி வாசலில் நின்று ஒவ்வொருவர் மேல்கோட்டாக வாங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அழகா இருக்கு அட்ராக்டா" என்று மிஸஸ் ஃபீனியிடம் சொன்னார் ஃபாதர். " யார் பூசினது?"

"கோல்மன் டர்கன்" என்றார் மிஸஸ் ஃபீனி. அதோடு நிறுத்திக்கொண்டார். கையில் சேர்ந்திருந்த கோட்டுகளை என்னிடம் நீட்டினார். வாங்கி மாட்டினேன்.

எல்லாரும் உள்ளே போன பிறகு ஒரு நிமிஷம் வெளியே வந்தேன். வெளிச்சம் இன்னும் இரண்டு நிமிஷம் இருக்கும். கைபேசியை எடுத்துச் சுவரைப் படம் பிடித்தேன். பட்டை தெரியாமலும் எடுத்திருக்கலாம், கூம்பை மட்டும் எடுத்தால் போதும். முழுச் சுவரையும் எடுத்து ஜார்லத்துக்கு அனுப்பினேன். ஒன்றும் எழுதவில்லை. உள்ளே எல்லாரும் முழங்காலிடும்போது நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது.

வெள்ளி அவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. சனியும் வரவில்லை.

ஞாயிறு மத்தியானம் வழக்கமான நேரத்தில் அழைத்தான். அடுப்பில் தண்ணீர் வைத்திருந்தேன். பேத்திக்கு இரண்டாவது பல். மருமகன் புதுக் கார் எடுத்திருக்கிறான். இருபது டிகிரிக்குக் குறைந்தால் நேபாளக்காரர்கள் குளிரென்று ஜாக்கெட் போடுகிறார்கள். நான் ம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"படம் பாத்தேன்" என்றான்.

"ம்."

"விளிம்பெல்லாம் சுத்தமா இருக்கு. எனக்கு வெக்கமா இருந்துச்சு. இங்க நாங்க போடறது இதுல பாதி வராது."

"அந்தம்மாவுக்குப் பிடிச்சிருக்கு."

"நடுவுல அந்தப் பட்டை எதுக்கு?"

அழகுக்கு என்று சொல்லலாம். அந்தம்மா கேட்டார் என்று சொல்லலாம். இரண்டுமே நாக்கு நுனியில் இருந்தன. தண்ணீர் கொதிக்கத் தொடங்கியது. அங்கே அவன் பக்கம் யாரோ கதவைத் திறந்தார்கள். அவன் எழுந்து வெளியே போகும் சத்தம், கதவு சாத்தும் சத்தம், பிறகு அவன் மூச்சு மட்டும்.

"கோல்மன், உன்கூட யாருடா இருக்கா?"